எஸ்.எஸ். பிள்ளையைப் பள்ளிக் கணித மன்றத்தில் எப்படிக் காட்டுவது?

மேலூர்க் கணக்கு (கேள்வி)

டிசம்பர் 22 நெருங்குது. வருசா வருசம் கணித நாள்னா ராமானுஜன் படம், 1729, டாக்ஸி நம்பர், கடைசியில மிக்சர் பொட்டலம். பசங்களுக்கு அது மனப்பாடமே ஆகிப்போச்சு. இந்தத் தடவை தெக்கத்தி ஆள் ஒருத்தரை எடுப்போம்னு எண் கோட்பாட்டுக்காரர் எஸ்.எஸ். பிள்ளையை முடிவு பண்ணியிருக்கோம். மேலூர் பக்கத்துப் பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு, 60 பேர். முப்பது முப்பதாப் பிரிச்சு குழுவுக்கு 40 நிமிசம். ப்ரொஜெக்டர் கிடையாது. சார்ட், கலர் நூல், ஏ4 தாள் வாங்கக் காசு இருக்கு.

கேட்கணும்னு நினைக்கிறது மூணு.

1. வாழ்க்கைக் குறிப்பு இடத்துக்கு இடம் மாறுது. ஒண்ணு தஞ்சாவூர் வல்லம்ங்குது, இன்னொண்ணு கேரளாங்குது. எது சரி?

2. "வாரிங் சிக்கலைத் தீர்த்தவர், விடை 73" அப்படின்னு எல்லா இடத்துலயும் ஒரு வரி இருக்கு. அந்த 73 எங்க இருந்து வருதுன்னு பத்தாம் வகுப்புக்குப் புரிய வைக்க முடியுமா?

3. பசங்க கையால போட்டுப் பார்க்கிற மாதிரி அவரோட வேலையில என்ன இருக்கு?

---

குற்றாலச் சாரல்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் டீச்சர். மற்றதைக் கணக்குப் போடுகிறவர்கள் வந்து சொல்வார்கள்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. பிறந்தது 1901 ஏப்ரல் 5, குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லம். அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019-இலிருந்து தென்காசி மாவட்டம். தஞ்சாவூரை ஒட்டி இன்னொரு வல்லம் இருப்பதால் வருகிற குழப்பம்தான் அது. சார்ட்டில் வெறும் "வல்லம்" என்று எழுதாமல் "குற்றாலம் அருகே வல்லம்" என்றே எழுதுங்கள்.

கேரளக் குழப்பத்துக்கும் காரணம் உண்டு. அவர் நடுநிலைப் பள்ளி படித்தது செங்கோட்டை, இன்டர்மீடியட் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பி.ஏ. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. இந்த மூன்று ஊரும் அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். செங்கோட்டை 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. படித்த ஊர்களைப் பார்த்துவிட்டு யாரோ கேரளா என்று எழுதியிருப்பார்கள்.

சிறுவயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக் கடைசி ஆண்டில் தந்தையும் போனார். சாஸ்திரியார் என்கிற ஆசிரியர் தன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துப் படிக்க வைத்தார். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். இழுத்தால் பத்து நிமிடம் போய்விடும், கணக்கு நின்றுவிடும்.

பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. அங்கே ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரின் வழிகாட்டல். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அவருடைய பெரிய வேலை எல்லாம் சிதம்பரத்தில் இருந்த இந்தக் காலத்தில்தான். அப்புறம் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம், 1942-இல் கல்கத்தா. 1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டுக்கு அழைத்தது. ஆகஸ்ட் 30 அன்று ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு தொடங்கியது. மறுநாள், ஆகஸ்ட் 31, அதில் கலந்துகொள்ள அவர் போன விமானம் கெய்ரோவுக்கு அருகே தீப்பிடித்து விழுந்தது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது 49.

இன்னும் ஒரு எச்சரிக்கை. "பிள்ளை" என்று தேடினால் புள்ளியியலில் கே.சி.எஸ். பிள்ளை என்று ஒருவர் வருவார், "பிள்ளை டிரேஸ்" அவருடையது. ஆள் வேறு, துறை வேறு. படத்தை இறக்கும்போது கவனம்.

---

ஈவும் மீதியும்

இரண்டாவது கேள்விதான் சாரம். 73-ஐப் பத்தாம் வகுப்புக்குத் தாராளமாகச் சொல்லலாம். "வாரிங் சிக்கல்" என்ற பெயரோடு தொடங்காமல் ஒரு கடையோடு தொடங்குங்கள்.

ஒரு ஊரில் 1, 4, 9, 16, 25 ரூபாய் என்று வர்க்க எண்ணில் மட்டுமே நோட்டு இருக்கிறது. சில்லறை திருப்பித் தரமாட்டார்கள். எந்தத் தொகையையும் அதிகபட்சம் எத்தனை நோட்டில் கொடுத்துவிடலாம்? 7 ரூபாய்க்கு 4+1+1+1, நாலு நோட்டு. நாலுக்கு மேல் எந்தத் தொகைக்கும் தேவைப்படாது என்று 1770-இல் லக்ராஞ்சு நிரூபித்தார். அதே ஆண்டு எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர், கன எண்ணில் நோட்டு அடித்தால் 9 போதும், நான்காம் அடுக்கில் அடித்தால் 19 போதும், மேலே உள்ள அடுக்குகளுக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு என்று நிரூபணம் இல்லாமல் எழுதிவைத்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் அந்த எல்லையைக் கண்டு நிரூபிப்பதுதான் வாரிங் சிக்கல். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை 1909-இல் ஹில்பர்ட் நிரூபித்தார். ஆனால் அந்த எல்லை எவ்வளவு என்று அதிலிருந்து தெரியாது.

இப்போது ஆறாம் அடுக்கு ஊருக்குப் போங்கள். அங்கே நோட்டு 1, 64, 729, இப்படி. பசங்களிடம் 703 ரூபாய் கொடுக்கச் சொல்லுங்கள். 729 பெரிதாகப் போய்விட்டது, உதவாது. 64 ரூபாய் நோட்டு 11 வைத்தால் 704, ஒரு ரூபாய் கூடிவிடும். ஆகவே 10 நோட்டு, 640. பாக்கி 63, எல்லாம் ஒற்றை ரூபாய். 10 + 63 = 73.

அந்த 703 எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25. 64 × 11 = 704, அதில் ஒன்று குறைத்தால் 703. மற்ற அடுக்குக்கும் இதே செய்முறைதான். 3-இன் அடுக்கை 2-இன் அடுக்கால் வகுத்து ஈவை எடு, 2-இன் அடுக்கால் பெருக்கு, ஒன்று கழி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அடுக்கைக் கொடுத்துவிடலாம்:

அடுக்கு 2: எண் 7, நோட்டு 4
அடுக்கு 3: எண் 23, நோட்டு 9
அடுக்கு 4: எண் 79, நோட்டு 19
அடுக்கு 5: எண் 223, நோட்டு 37
அடுக்கு 6: எண் 703, நோட்டு 73
அடுக்கு 7: எண் 2175, நோட்டு 143

நோட்டு எண்ணிக்கைக்குக் குறுக்கு வழி: 2-இன் அடுக்கு + ஈவு − 2. ஆறுக்கு 64 + 11 − 2 = 73. ஏழுக்கு 2187-ஐ 128-ஆல் வகுத்தால் ஈவு 17, அதனால் 128 + 17 − 2 = 143.

இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். 703-க்கு 73 வேண்டும் என்று காட்டியது பிள்ளையின் சாதனை இல்லை. அதை உங்கள் வகுப்பே இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டது. அது "73-க்குக் குறைந்தால் போதாது" என்கிற பாதி. "73 இருந்தால் உலகத்தில் உள்ள எந்த எண்ணுக்கும் போதும்" என்பது மறுபாதி. எண்களோ முடிவில்லாதவை, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வழியில்லை. அந்த மறுபாதியை ஆறாம் அடுக்குக்கு 1940-இல் முடித்தவர் பிள்ளை. சார்ட்டில் இந்த இரண்டு பாதியையும் தனித்தனிக் கட்டமாகப் போடுங்கள். இதை விட்டால் 40 நிமிடமும் வீண்.

வேலை எப்படி நடந்தது என்பதை மேலோட்டமாகச் சொல்லலாம். ஹார்டி, லிட்டில்வுட், வினோகிராதோவ் ஆகியோர் கொண்டுவந்த பகுப்பாய்வு முறைகளால், ஏதோ ஒரு பிரம்மாண்ட எல்லைக்கு மேலே உள்ள எல்லா எண்ணும் சரி என்று காட்ட முடியும். அந்த எல்லைக்குக் கீழே உள்ளவை மிச்சம். முதலில் ஒரு சின்ன வரம்புவரை கையால் அட்டவணை போட்டு, அதிலிருந்து படிப்படியாக மேலே ஏறி அந்த எல்லையைத் தொடவேண்டும். மேலிருந்து இறங்குவதும் கீழிருந்து ஏறுவதும் சந்தித்தால்தான் நிரூபணம் முடியும். அடுக்கு சின்னதாக ஆக இந்தச் சந்திப்பு கடினமாகிறது. அதனால்தான் வரிசை தலைகீழாக நடந்தது. ஆறு முடிந்தது 1940. ஐந்து முடிந்தது 1964, சீனாவின் சென் ஜிங்ருன். நான்கு முடிந்தது 1986, நம் ஆர். பாலசுப்ரமணியனும் பிரான்சின் தெசூய்யே, திரெஸ் இருவரும் சேர்ந்து.

---

மேலூர்க் கணக்கு

ரொம்ப நன்றி சார். கடை உதாரணத்தைக் கன எண்ணுக்கு ஏழெட்டுப் பசங்ககிட்ட இன்னைக்கே கொடுத்துப் பார்த்தாச்சு. 239-க்கு எல்லாரும் 10 நோட்டுங்கிறாங்க. 9 போதும்னு போட்டிருக்கீங்களே?

---

ஈவும் மீதியும்

எல்லாரும் பெரிய நோட்டை முதலில் எடுத்திருப்பார்கள். 216 எடுத்தால் பாக்கி 23, அந்த 23-க்கு 9 நோட்டு (8+8+ ஏழு ஒன்று). ஆக 10. பெரிய நோட்டில் தொடங்குவது கடைக்காரர் பழக்கம். நம் 500, 200, 100-க்கு அது சரியாக வரும், கன எண் நோட்டுக்கு வராது.

216-ஐத் தொடாமல் போடச் சொல்லுங்கள்: 64 இரண்டு (128), 27 நாலு (108), 1 மூன்று. மொத்தம் 239, நோட்டு 9. இல்லையென்றால் 125 ஒன்று, 27 மூன்று, 8 நாலு, 1 ஒன்று. அதுவும் 9.

இதற்கு முன்னால் சின்ன எண்ணில் பழக்குங்கள். 32-க்குப் பெரிய நோட்டு வழி 27 + ஐந்து ஒன்று, ஆறு நோட்டு. நாலு எட்டு வைத்தால் நாலு நோட்டு. வர்க்கத்தில் 12: 9+1+1+1 நாலு, 4+4+4 மூன்று. இதைப் பார்த்தபின் 239-க்கு யாரும் அவசரப்படமாட்டார்கள்.

முழுதாக 9 கன எண் தேவைப்படுவது 23, 239 இந்த இரண்டு எண்களுக்கு மட்டும்தான் என்று 1939-இல் டிக்சன் நிரூபித்தார். அதையும் ஓரமாக எழுதிவையுங்கள்.

---

பதினேழாம் தாள்

மூணாவது கேள்விக்கு நான் வர்றேன். சுவர்ல ஒட்டுற ஐட்டம் ஒண்ணு இருக்கு, பிள்ளையோட வேலையிலயே கண்காட்சிக்குன்னு பண்ணின மாதிரி அமைஞ்சது அதுதான்.

விசயம் இது. அடுத்தடுத்த எண்கள் சிலதை எடுத்துக்கோங்க. அதுல மத்த எல்லாத்தோடயும் சார்பகா எண்ணா, அதாவது 1 தவிரப் பொது வகுத்தியே இல்லாம, தனியா நிக்கிற எண் ஒண்ணாவது இருக்குமா? 16 எண் வரைக்கும் எடுத்தா கட்டாயம் ஒண்ணு இருக்கும்னு பிள்ளை நிரூபிச்சார். 17 எடுத்தா அந்த உறுதி போயிடும். 2184-லிருந்து 2200 வரைக்கும் உள்ள 17 எண்ல ஒண்ணுகூடத் தனியா நிக்காது, எல்லாத்துக்கும் ஒரு ஜோடி இருக்கு. இப்படி அமையிற முதல் இடமும் இதுதான்.

செய்முறை. 17 ஏ4 தாள், நிமிர்த்தி ஒட்டணும். தாள் அகலம் 21 செ.மீ., நடுவுல 4 செ.மீ. இடைவெளி. மொத்தம் 4 மீட்டர் 21 செ.மீ. சுவர் வேணும். ஒட்டுறதுக்கு முன்னாடி அளந்துக்கோங்க, நடுவுல ஜன்னல் வந்தா நூல் கட்டும்போது கெட்டுப்போகும். தாள்ல எண்ணைப் பெருசா, கீழ்ப்பாதியில எழுதுங்க. மேல்பாதி நூலுக்கு.

ஆறு கலர் நூல், 2, 3, 5, 7, 11, 13-க்கு ஒண்ணு ஒண்ணு. 13-க்கு மேல வேண்டியதில்லை, ஏன்னா வரிசையில ரெண்டு எண்ணுக்கு நடுவுல அதிகபட்ச வித்தியாசம் 16. பொது வகுத்தி அந்த வித்தியாசத்தையும் வகுக்கணும். 2193-ஐ 3 × 17 × 43-னு பிரிச்சுட்டு ஒருத்தன் 17-க்கும் நூல் கேப்பான். 17-இன் அடுத்த மடங்கு 2210, முந்தினது 2176, ரெண்டுமே வரிசைக்கு வெளிய. அவனையே கண்டுபிடிக்க விடுங்க.

இரட்டை எண் ஒன்பதையும் 2-இன் நூல்ல கோத்துடலாம். வேலை ஒற்றை எண் எட்டுலதான்:

2185 = 5 × 19 × 23, ஜோடி 2190
2187 = 3⁷, ஜோடி 2184
2189 = 11 × 199, ஜோடி 2200
2191 = 7 × 313, ஜோடி 2184
2193 = 3 × 17 × 43, ஜோடி 2187
2195 = 5 × 439, ஜோடி 2185
2197 = 13³, ஜோடி 2184
2199 = 3 × 733, ஜோடி 2193

நீளமான நூல் 13-க்கு: 2184-க்கும் 2197-க்கும் நடுவுல 13 தாள் தூரம், 13 × 25 = 325 செ.மீ. 11-க்கு 275 செ.மீ. நூல் தொங்கி எண்ணை மறைக்கும், அதனால நீளமானதை உச்சியிலயும் குட்டையானதைக் கீழயும் கட்டணும். குண்டூசி வேண்டாம், சுவத்துல நிக்காது. தாள் மேல் ஓரத்துல துளை போட்டு முடிச்சுப் போடுங்க.

கட்டி முடிச்சதும் 2200 தாளை மட்டும் கழட்டுங்க. 11-இன் நூல் அந்துரும், 2189 தனியாயிடும். மறுபடி மாட்டிட்டு 2184-ஐக் கழட்டுங்க, 2197 தனியாயிடும். 17-ல இருந்த எதையோ 16-ல இழந்துட்டோம்னு கண்ணால பார்ப்பாங்க. ஆனா இது எல்லா 16-க்கும் நிரூபணம் ஆகாது, இந்த ஒரு இடத்துல நடக்குறது மட்டும்தான். ஈவும் மீதியும் சார் சொன்ன அதே எச்சரிக்கை.

கெட்டிக்காரப் பசங்களுக்கு ஒரு வேலை. 2 × 3 × 5 × 7 × 11 × 13 = 30030. 2184-ஓட 30030 கூட்டினா 32214. 32214 முதல் 32230 வரைக்கும் அதே அமைப்பு வரும், ஏன்னா 30030-ஐக் கூட்டினா இந்த ஆறு பகா எண்ணோட வகுபடும் தன்மை மாறாது. 30030-லிருந்து கழிச்சாலும் சரி: 27830 முதல் 27846 வரை. நம்பாதவனுக்கு 27830-ஐப் பிரிக்கக் கொடுங்க, 2 × 5 × 11² × 23 வரும்.

17 மட்டும் இல்ல, 17-லிருந்து 430 வரை எந்த நீளத்துக்கும் இப்படி ஒரு வரிசை இருக்குன்னு பிள்ளையே காட்டினார். அதுக்கு மேல எல்லா நீளத்துக்கும் பிராவர் முடிச்சார்.

---

கட்டம் போட்ட நோட்டு

சுவர் வேலை அருமை. அதோடு அவர் பெயராலேயே வழங்கும் பிள்ளைச் சார்பையும் (1933) சேர்க்கலாம். 1-லிருந்து ஒரு எண் வரை ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணோடு மீ.பொ.வ. எடுத்துக் கூட்டுவது. 12-க்கு: 1, 2, 3, 4, 1, 6, 1, 4, 3, 2, 1, 12. கூட்டினால் 40. பத்தாம் வகுப்பு யூக்ளிடின் வகுத்தல் வழிமுறைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

கட்டம் போட்ட நோட்டில் மீ.பொ.வ. படமாகவும் வரும். மூலையிலிருந்து வலப்பக்கம் 8 கட்டம், மேலே 12 கட்டம் போய்ப் புள்ளி வைத்து ஸ்கேலால் கோடு போட்டால், அது சரியாகக் கட்டத்தின் முனைகளைத் தொடும் இடங்கள் நாலு (தொடங்கிய மூலையை எண்ணக்கூடாது). 8, 12-இன் மீ.பொ.வ. 4. மூலையையும் சேர்த்து எண்ணிவிட்டு 5 என்பார்கள், அது வழக்கமான தவறு.

பகா எண்ணுக்கு விடை எப்போதும் இருமடங்கில் ஒன்று குறைவு: 7-க்கு 13. சார்பகா எண்களாகப் பிரித்தால் பெருக்கிக்கொள்ளலாம்: 4-க்கு 8, 3-க்கு 5, 12-க்கு 8 × 5 = 40. 12-ஐ 2 × 6 என்று பிரித்தால் 3 × 15 = 45, தப்பு. 2-உம் 6-உம் சார்பகா இல்லை என்பதே காரணம். இந்தத் தப்பை வேண்டுமென்றே கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

"பிள்ளை பகா எண்கள்" என்றும் ஒன்று இருக்கிறது. அதைப் பத்தாம் வகுப்புக்கு வேண்டாம் என்பேன்.

---

பதினேழாம் தாள்

வேண்டாம்னு ஏன் சொல்றீங்க? பத்தாம் வகுப்புல மட்டு எண்கணிதம் (மீதியை மட்டும் வச்சுப் போடுற கணக்கு) இருக்கே. 23 ஒண்ணை மட்டும் எடுத்தாப் போதும்.

22!-னா 1-லிருந்து 22 வரைக்கும் தொடர் பெருக்கம். ஒரு பகா எண்ணுக்கு முந்தின எண் வரைக்கும் இப்படிப் பெருக்கி 1 கூட்டினா அந்தப் பகா எண்ணால வகுபடும்ங்கிறது வில்சன் தேற்றம். அதன்படி 22! + 1 என்பது 23-ஆல வகுபடும். பிள்ளை கேட்டது: வேற ஒரு எண்ணோட தொடர் பெருக்கத்தோட 1 கூட்டி, அது ஒரு பகா எண்ணால வகுபட்டா, அந்தப் பகா எண்ணை அந்த எண்ணால வகுக்கும்போது மீதி 1-தான் வருமா? 23 "இல்லை"ங்குது. 14! + 1 அதால வகுபடும், ஆனா 23-ஐ 14-ஆல வகுத்தா மீதி 9.

போடுற விதம்: ஒவ்வொரு தடவையும் பெருக்கி, 23-ஆல வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கோங்க. 4! வரும்போது 24, மீதி 1. 5!-க்கு 5, 6!-க்கு 7, 7!-க்கு 3, 8!-க்கு 1, 9!-க்கு 9, 10!-க்கு 21, 11!-க்கு 1, 12!-க்கு 12, 13!-க்கு 18, 14!-க்கு 22. 22-ஓட 1 சேர்ந்தா 23. முடிஞ்சது. இன்னும் போனா 18!-லயும் 22 வரும்.

---

கட்டம் போட்ட நோட்டு

மீதி வழியில் போட்டால் சரி, ஏற்றுக்கொள்கிறேன். என் பயம் போன் கால்குலேட்டர். 14! = 87178291200, பதினோரு இலக்கம், 10 இலக்கக் கால்குலேட்டரில் கடைசி இலக்கம் உருண்டுவிடும். 18! பதினாறு இலக்கம், பல போன்களிலும் சுருக்கித்தான் காட்டும், 1 கூட்டினால் கூட்டியதே தெரியாது. "வகுபடவில்லை" என்று சொல்லி நிற்பார்கள். கால்குலேட்டரை வாங்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

---

ஈவும் மீதியும்

நடுவில் ஒன்று. டீச்சர், பதினேழாம் தாள் சொன்ன சுவரில் 2187-உம் 2197-உம் இருக்கின்றன. ஒன்று 3-இன் ஏழாம் அடுக்கு, மற்றது 13-இன் கனம். வித்தியாசம் 10. இது பிள்ளையின் இன்னொரு கேள்விக்கு அப்படியே வாசல்.

1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று முழு அடுக்கு எண்களை வரிசையாக எழுதினால், அடுத்தடுத்து உள்ளவற்றின் இடைவெளி ஏறி இறங்கினாலும் போகப்போக எந்த வரம்பையும் தாண்டி வளரும் என்பது பிள்ளையின் ஊகம். வேறு விதமாகச் சொன்னால், ஒரு வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் அது கொண்ட ஜோடிகள் எண்ணி முடிக்கக்கூடியவைதான். வித்தியாசம் 1-க்கு 8, 9 ஒன்றே ஒன்று, அதை மிஹைலெஸ்கு 2002-இல் நிரூபித்தார். 2-இலிருந்து மேலே பொதுவான நிரூபணம் இன்றுவரை யாரிடமும் இல்லை.

பசங்களுக்கு: வித்தியாசம் 7 வரும் ஜோடிகளைத் தேடச் சொல்லுங்கள். 1-உம் 8-உம், 9-உம் 16-உம், 25-உம் 32-உம், 121-உம் 128-உம். விடாமல் தேடுகிறவனுக்கு 181-இன் வர்க்கம் 32761, 2-இன் பதினைந்தாம் அடுக்கு 32768. வித்தியாசம் 6-ஐக் கொடுத்து நேரத்தைக் கொல்லாதீர்கள், அப்படி ஒரு ஜோடி இதுவரை அகப்படவில்லை. அல்லது அதை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், அதுவும் ஒரு பாடம்தான்.

---

கோட்டையூர்

மதுரைப் பக்கத்துத் தொடர்பு வேண்டும் என்றால் ஒரு வரி சேர்க்கலாம். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கினார், பிள்ளை மறைந்த அதே ஆண்டு. அதன் இயக்குநர் தி. விஜயராகவன், அவரும் எண் கோட்பாட்டில் பெரிய பெயர், "பிசோ–விஜயராகவன் எண்கள்" அவருடையவை. 1955-இல் அவர் மறையும்வரை நடத்தினார். 1967-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத் துறையோடு சேர்ந்து இன்று சேப்பாக்கத்தில் இருக்கிறது.

பேசி முடித்ததும் ஒரு பிள்ளை "இதைப் படிக்க எங்கே போகணும்?" என்று கேட்கும், பதில் தயாராக இருக்கட்டும். பன்னிரண்டு முடித்ததும் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகம், இரண்டிலும் இளநிலைக்கே தனி நுழைவுத் தேர்வு. அது கைகூடாவிட்டால் மதுரைக் கல்லூரிகளிலேயே பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டு கோடையில் எம்.டி.டி.எஸ். என்கிற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்கலாம், பிறகு முதுநிலைக்கு ஜாம் தேர்வு, ஆராய்ச்சிக்குத் தரமணி கணித அறிவியல் நிறுவனம். பள்ளியில் மனப்பாடமாக ஓட்டியவர்கள் தடுக்கி விழுவது நிரூபணம் எழுதும் கேள்விகளில்தான். பதினோராம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு நிரூபணம் முழுதாக எழுதிப் பழகவேண்டும்.

---

மேலூர்க் கணக்கு

எல்லாருக்கும் நன்றி. திட்டம் இப்படி: வாழ்க்கைக் குறிப்பு 5 நிமிசம், நோட்டுக் கடை 15, சுவர் 15, வித்தியாசம் 7 வர்ற ஜோடி தேடுறது கடைசி 5 நிமிசம். பிள்ளைச் சார்பு வீட்டுப்பாடம். சார்ட் வாசகம் போட்டாச்சு, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க:

"குற்றாலம் அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை, வாரிங் சிக்கலை 1940-இல் தீர்த்தார். எந்த எண்ணையும் 73 ஆறாம் அடுக்கு எண்களின் கூடுதலாக எழுதலாம். 2191 = 7 × 331."

---

ஈவும் மீதியும்

மூன்று திருத்தம்.

"வாரிங் சிக்கலைத் தீர்த்தார்" வேண்டாம், "ஆறாம் அடுக்குக்கு வாரிங் சிக்கலைத் தீர்த்தார்" என்று போடுங்கள். ஏழும் அதற்கு மேலும் உள்ள அடுக்குகளுக்கு அமெரிக்காவின் டிக்சனும் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், 1936-ஐ ஒட்டி, தனித்தனியே விடை கண்டார்கள். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: வகுத்து வரும் ஈவும் மீதியும் சேர்ந்து 2-இன் அடுக்கைத் தாண்டக்கூடாது. ஆறுக்கு 11 + 25 = 36, 64-க்குள் இருக்கிறது. 1990-இல் குபினாவும் வுண்டர்லிக்கும் 47 கோடிக்கு மேல் அடுக்குகளைக் கணினியில் பார்த்தார்கள், ஒன்றும் தாண்டவில்லை. எல்லா அடுக்குக்கும் தாண்டாது என்பதற்கு நிரூபணம் இல்லை.

"73 எண்களின்" என்பதை "அதிகபட்சம் 73 எண்களின்" என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 64-க்கு ஒரே நோட்டுப் போதுமே என்று முதல் பெஞ்சிலிருந்தே கேள்வி வரும்.

2191 = 7 × 313. 7 × 331 என்றால் 2317.